நாற்பத்தேழாம் எண் பல்

வாயில் இருப்பதோ முப்பத்திரண்டு.
ஆனாலும் பல் மருத்துவர் கணக்கில்
வலது கீழ்வரிசையின் ஏழாவது பல்லுக்கு
நாற்பத்தேழு என்று எண்.
ஏப்ரலில், கன்னத்து வீக்கத்தைப் பார்த்து
அதைப் பிடுங்கியவள் டாக்டர் லிமாகாட்சோ.
தட்டில் போட்டு வேரைத் திருப்பினாள்.
சொத்தை இல்லை.
சொத்தையின் நிழல்கூட இல்லை.
வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

நியாகல்லோ, மாபுட்சோவே ஆலையில்
ஜீன்ஸுக்குப் பின்பாக்கெட் தைப்பவள்.
ஒரு நாளைக்கு நானூறு இணை.
நூலைப் பல்லால் கடித்தே அறுப்பாள்.
வலப்பக்கம் போனதும் இடப்பக்கம். அவ்வளவுதான்.

வீக்கம் வடியவில்லை.
அமாக்சிசிலின் ஒரு வாரம்.
மெட்ரோனிடசோல் சேர்த்து இன்னொரு வாரம்.
பிறகு அதே சீட்டு, வேறு தேதி.
ஜூனில், மலையில் பனி விழுந்த மறுநாள்,
போர்வை ஊசியைக் கழற்றி முகம் காட்டினாள்:
தாடைக்கடியில் கடுகளவு துவாரம்,
அதில் நீர்மோர் போல் ஒரு கசிவு.
தொட்டால் சூடில்லை.
"வலிக்கிறதா?"
"வலித்திருந்தால் முன்பே வந்திருப்பேனே.
சூப்பர்வைசர் மூக்கைப் பொத்துகிறான். அதற்காக வந்தேன்."

சீழென்றால் கொதிக்க வேண்டும்.
எலும்பு அழுகினால் ஆள் இரவெல்லாம் அலற வேண்டும்.
இங்கே கொதிப்புமில்லை, அலறலுமில்லை.
பிடுங்கிய குழி மட்டும்
இரண்டு மாதமாக மூடாமல் கிடந்தது.
எக்ஸ்ரேயில் தாடையின் கோணம்
செல்லரித்த பத்திரம்.
நெஞ்சுப் படமோ கழுவிவிட்டது போல் சுத்தம்.
இருமல் இல்லை, மாலைக் காய்ச்சல் இல்லை.
புற்றோ?
நினைத்தது முகத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டாள்.

துண்டு வெட்டி அனுப்பினாள்.
அங்கேயும் ஒரு பிழை.
பழக்கத்தில் கை ஃபார்மலின் புட்டியை எடுத்தது.
ஃபார்மலின் எதையும் அப்படியே நிறுத்திவைக்கும்,
கிருமியைக் கொன்று நிறுத்திவைக்கும்.
செத்தது வளர்ந்து காட்டாது.
மசேருவிலிருந்து கௌஹெலோவின் குரல், தொலைபேசியில்:
"புற்று இல்லை. நடுவே பாலாடைக்கட்டி மாதிரி செத்த திசு.
சுற்றிலும் ராட்சச செல்கள்,
உட்கருக்கள் குதிரை லாடமாய் வளைந்து.
ஒரு சந்தேகம். இப்போது பெயர் சொல்ல மாட்டேன்.
இன்னொரு துண்டு வேண்டும். இந்த முறை உப்புநீரில்."

இரண்டாம் முறை வெட்டக் கேட்பது
முதல் முறையைவிடக் கடினம்.
நியாகல்லோ விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்:
போன கூலி, போகப்போகும் கூலி.
பிறகு வாயைத் திறந்தாள்.

புட்டி போனது
ஒரு வேனின் முன்னிருக்கையில்,
ஓட்டுநரின் மதிய ரொட்டிக்குப் பக்கத்தில்.
கருவி இரண்டு மணி நேரம் முனகியது.
காசநோய்க் கிருமி: உண்டு.
ரிஃபாம்பிசினுக்கு: கட்டுப்படும்.

எலும்புருக்கி என்று அதற்கொரு பழைய பெயர்.
ஆளை உருக்கி எலும்பை வெளியே காட்டுவதால் வந்திருக்கும்.
எலும்பையே தின்பது அரிது,
தாடையைத் தின்பது அதனினும் அரிது.
கண்டவர் குறைவு.
கண்டும் பல்வலி என்று எழுதியவர் எத்தனை பேரோ.
அந்தக் கணக்கில் லிமாகாட்சோ
தன்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டாள்.

"மாத்திரை பல மாதம். ஒரு நாளும் விடக்கூடாது.
சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்படாதே."
"சரி. அப்போ அந்தப் பல்?"
"நல்ல பல்."
"ம்."
"என் தப்பு."
நியாகல்லோ போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
"பாக்கெட்டைக் கோணலாகத் தைத்தால்
எங்களுக்குக் கூலியில் பிடிப்பார்கள்."

அதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை.
எடை கேட்டு எழுதப் போனாள் லிமாகாட்சோ,
ஐம்பத்தொன்று.
பேனா எழுதவில்லை. உதறினாள். எழுதவில்லை.
மேசைமேல் உருண்டு வந்தது
நியாகல்லோவின் பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சில்,
துணியில் கோடிடுவது, நீலம்.